பசலையும் மாத்திரையும்

கே.ஜி.கண்டிகையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் பேருந்தேறி வரும் பெண்களுக்குத் தமிழ் நடத்துகிறேன். ஒவ்வோராண்டும் பசலை வரும். தலைவன் பிரிந்தான், தலைவியின் மேனி வெளுத்தது, வளை கழன்றது. திருக்குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "மேம், தலைவிக்கு ஹீமோகுளோபின் கம்மியா இருக்குமோ?" வகுப்பே சிரித்தது, நானும்தான். வீட்டுக்கு வந்தபிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பெண்ணின் வெளுப்பை ஆண் இல்லாத குறையாகப் படித்தது நாம் மட்டுமல்ல. 1554இல் ஜெர்மானிய மருத்துவர் யோகான்னஸ் லாங்கே அதைக் 'கன்னியர் நோய்' என்றார். அவர் சொன்ன மருந்து, திருமணம். ("கல்யாணம் ஆனா சரியாப்போயிடும்" என்று நம் பாட்டிகள் சொல்வதும் அதுவே.) அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் சிடன்ஹாம் இரும்பு கொடுத்துப் பார்த்தார். 1832இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் ப்ளோ இரும்பு உப்பை மாத்திரையாக உருட்டினார். சித்த மருத்துவர்கள் செந்தூரமாக்கும் நம் அன்னபேதிதான் அந்த உப்பு.

பெண்களின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் லூசி வில்ஸ். 1928இல் பம்பாய்க்கு வந்த இந்த ஆங்கிலேய மருத்துவர், பஞ்சாலைத் தொழிலாளர்களிடையே கர்ப்பிணிகளைக் கொன்றுகொண்டிருந்த கடும் சோகையை ஆராய்ந்தார். இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இவர்களுக்கோ அவை பெருத்திருந்தன. ஆகவே இது வேறு குறை. ஏழைப் பெண்களின் சாப்பாட்டில் காய், பழம், புரதம் எல்லாமே அரிது என்பதை அவர் கவனித்தார். குன்னூர் ஆய்வகத்தில் அதே உணவை எலிகளுக்குக் கொடுத்தார், பிறகு குரங்குகளுக்கு. ரொட்டியில் தடவித் தின்னும் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு குரங்கைத் தேற்றியது, பெண்களையும் தேற்றியது. 1931இல் அதை வெளியிட்டார். அந்த ஆண்டு சென்னையில் சாதி-கோஷா மருத்துவமனையிலும் அவர் வேலை செய்தார். இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைதான் அது. அந்தப் பழைய பெயரே தனிக் கட்டுரைக்கு உரியது.

ஈஸ்ட்டில் இருந்த பொருளுக்கு ஃபோலிக் அமிலம் என்று 1941இல் பெயர் வந்தது. பசலைக்கீரை வகையொன்றின் இலையிலிருந்து பிரித்ததால், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் வைத்த பெயர். பசலைக்குப் பசலைக்கீரை! தமிழாசிரியைக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் நடத்திய ஆய்வுக்குழு.

இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை 1970இலிருந்து அரசு கொடுத்துவருகிறது. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குச் சோகை. மாத்திரை தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். அது உயிர் காத்திருக்கிறது. ஆனால் வில்ஸ் கண்ட பொருளை எடுத்துக்கொண்டவர்கள், அவர் பார்த்த தட்டை விட்டுவிட்டார்கள். மாதவிடாயும் பிரசவமும் ரத்தத்தைக் கேட்கின்றன. கிருத்திகைக்கு விரதம், வெள்ளிக்கு விரதம். மற்ற நாளில் எல்லோருக்கும் பரிமாறியபின் சட்டியில் மிஞ்சும் குழம்பு. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ, இருக்கிற இரும்பையும் உடலில் சேரவிடாது.

எங்கள் மாணவிகள் சிலர் மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதோடு சரி. ஏன் என்று கேட்டேன். "குமட்டுது மேம்." சாப்பிட்டபின் போட்டால் அவ்வளவு குமட்டாதே என்றேன்.

"காலையில எங்க மேம் சாப்பிடறோம்? ஏழு மணி பஸ்ஸு."