கிண்டியும் மேகக் கணிமையும்: மாறிவரும் தொழில்நுட்ப வேலைகளின் வரலாறு

கிண்டி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது குதிரைப் பந்தயம், பாம்புப் பண்ணை, ஆளுநர் மாளிகை ஆகியவைதாம். தமிழ்நாட்டில் தொழில்நுட்ப வேலைகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு மறைந்தன என்பதை அறிய விரும்புவோருக்கும் இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. 1794-இல் புனித ஜார்ஜ் கோட்டையில் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலத்தை அளக்க ஆட்கள் தேவைப்பட்டதே அதற்குக் காரணம். அப்பள்ளியே வளர்ந்து பொறியியல் கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்கு இடம் மாறியது. இன்று அது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். முதலில் வேலை வந்தது, பிறகு படிப்பு வந்தது என்ற இந்த வரிசை கிண்டியில் மீண்டும் மீண்டும் காணப்படுகிறது.

வாடகைக்குக் கிடைத்த தொழிற்கூடம்

காமராசர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்தபோது, 1958-இல் கிண்டி தொழிற்பேட்டை அமைக்கப்பட்டது. சுமார் 400 ஏக்கரில் அமைந்த இப்பேட்டைக்குப் பின்னர் திரு.வி.க. பெயர் சூட்டப்பட்டது. இதன் அடிப்படைக் கருத்து மிக எளியது. கடைசல் வேலை நன்கு தெரிந்த ஒருவரிடம் கைத்திறன் இருக்கும். நிலம் வாங்கவும், கட்டடம் எழுப்பவும், மின் இணைப்புப் பெறவும் முதல் இருக்காது. அரசே கொட்டகையைக் கட்டி, சாலையும் மின்சாரமும் தண்ணீரும் கொடுத்து, வாடகைக்கோ தவணை முறையிலோ வழங்கினால் அவர் தமது லேத் இயந்திரத்துடன் வந்து மறுநாளே வேலையைத் தொடங்கலாம். சிறு தொழில்முனைவோர் தனித்தனியே வாங்க இயலாத கருவிகளுக்குப் பொது வசதிக் கூடங்களை ஏற்படுத்துவதும் தொழிற்பேட்டைத் திட்டங்களின் ஒரு பகுதி. ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு இங்கே வேலை கிடைத்தது. பிளாஸ்டிக் பொறியியலுக்கான சிபெட் நிறுவனமும் 1968-இல் இப்பேட்டையிலேயே தொடங்கப்பட்டது.

இதை விரிவாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. விலை உயர்ந்த வசதியை ஒருவர் அமைத்து வைக்க, பலர் பயன்படுத்திய அளவுக்குப் பணம் கொடுப்பதே மேகக் கணிமை. மக்கள் வழக்கில் இது 'கிளவுட்' எனப்படுகிறது. பெயரைக் கேட்டு வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. குளிரூட்டப்பட்ட பெரிய கட்டடங்களில் வரிசையாக அடுக்கப்பட்ட கணினிகளும், அவற்றை நம்மோடு இணைக்கும் கேபிள்களுமே அந்த 'மேகம்'. கணினித் திறனைத் தொலைபேசிச் சேவை போலவே வாடிக்கையாளருக்கு வழங்கலாம் என்று அமெரிக்க அறிஞர் ஜான் மெக்கார்த்தி 1961-இலேயே கூறியிருந்தார். 1973-இல் கிண்டியை அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்துக்கு மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் ஐ.பி.எம். 370/155 கணினி வந்தபோதும், ஒரே இயந்திரத்தைப் பலர் முறைவைத்தே பயன்படுத்தினர்.

தந்தியிலிருந்து ஒளியிழைக்கு

ஒரு தொழில்நுட்பம் மறையும்போது அதைச் சார்ந்த வேலைகள் என்ன ஆகும் என்பதற்குக் கிண்டியிலேயே சான்று உள்ளது. 1960-இல் மத்திய அரசு இங்கே இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. தொழில்நுட்பத்தை இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனம் வழங்கியது. தந்தி அலுவலகங்களுக்கும் செய்தி நிறுவனங்களுக்கும் தேவையான டெலிபிரிண்டர்கள் இங்கிருந்து சென்றன. எண்ணற்ற சிறு பாகங்கள் கொண்ட அந்த இயந்திரத்தைப் பொருத்தவும் பழுது நீக்கவும் பயிற்சி பெற்ற கைகள் வேண்டியிருந்தன. ஃபேக்ஸும் கணினியும் வந்தபின் அதன் தேவை சரிந்தது. 2001-இல் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் தனியார் வசம் சென்றன. 2013 ஜூலையில் நாட்டின் தந்திச் சேவையே முடிவுக்கு வந்தது. எச்.டி.எல். என்று பெயர் மாறிய அந்நிறுவனம் பின்னர் ஒளியிழைக் கேபிள் உற்பத்திக்குத் திரும்பியது. ஒளியிழை இல்லாமல் மேகக் கணிமை இல்லை. நிறுவனம் புதிய தொழிலுக்கு மாறிக்கொண்டது. டெலிபிரிண்டர் மெக்கானிக் என்ற வேலைதான் திரும்பி வரவில்லை.

சர்வர் அறையின் காலம்

தமிழக அரசு 1997-இல் தகவல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதன்பின் கிண்டி தொழிற்பேட்டைக்குள்ளேயே ஒலிம்பியா போன்ற கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. பட்டறைகள் இருந்த மனைகள் பல அலுவலகங்களாக மாறின.

அக்காலத்தில் ஓரளவு பெரிய நிறுவனம் எதுவாயினும் தனக்கென்று ஒரு சர்வர் அறை வைத்திருந்தது. ஏசி எந்நேரமும் ஓடும், யு.பி.எஸ். பேட்டரிகள் வரிசையாக நிற்கும்; இரவிலும் ஒருவர் காவலிருப்பார். எனவே சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு நல்ல கிராக்கி இருந்தது. மைக்ரோசாஃப்ட், சிஸ்கோ சான்றிதழ்களுக்குப் பயிற்சி தரும் நிலையங்கள் சென்னையெங்கும் பெருகின.

அமேசான் 2006-இல் சேமிப்பிடத்தையும் கணினித் திறனையும் இணையத்தின் வழியே வாடகைக்கு விடத் தொடங்கியதும் இந்த அறைக்கு முடிவு நெருங்கியது. சென்னை இதில் வெறும் வாடிக்கையாளராக இருந்துவிடவில்லை. 1996-இல் ஸ்ரீதர் வேம்பு உள்ளிட்டோர் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம், 2005 முதல் 'ஜோஹோ' என்ற பெயரில் இணையவழி மென்பொருள்களை வெளியிட்டது. அங்குப் பணியாற்றிய கிரிஷ் மாத்ருபூதம் 2010-இல் தொடங்கிய நிறுவனம், ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. இவை மென்பொருளைப் பெட்டியில் வைத்து விற்கவில்லை. மாதச் சந்தாவுக்குக் கொடுத்தன. சிங்கப்பூர் வழியாக உலகோடு இணைக்கும் கடலடிக் கேபிள்கள் 2002 முதல் சென்னையில் கரையேறியிருந்ததும் இதற்கு உதவியது. 2015 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் தனது மேகக் கணிமை மையங்களில் ஒன்றைச் சென்னையில் இயக்கத் தொடங்கியது.

வெள்ளமும் வரியும்

அதற்கு அடுத்து மூன்றாவது மாதத்திலேயே வெள்ளம் வந்தது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பகுதித் தொழிற்கூடங்கள் நீரில் மூழ்கின. தரைத்தளத்தில் இருந்த இயந்திரங்களோடு கணினிகளும், அவற்றில் இருந்த கணக்குகளும் வரைபடங்களும் நனைந்தன. 1878-இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ் முதன்முறையாக டிசம்பர் 2 அன்று அச்சாகவில்லை. இயந்திரத்தைக் கழற்றித் துடைத்து, மோட்டாரை மறுசுற்றுச் செய்து ஓட்டிவிடலாம். வட்டில் அழிந்த வரைபடத்துக்கு நகல் இல்லையென்றால் அதை மீண்டும் வரையத்தான் வேண்டும். தரவின் ஒரு படியை வேறு ஊரில் வைப்பது ஆடம்பரம் அன்று என்பதைச் சென்னைத் தொழில்முனைவோர் அப்போது பட்டறிந்தனர்.

எனினும் சிறு பட்டறைகளை இணையவழிக் கணக்குக்கு இழுத்ததில் வெள்ளத்தைவிட வரிக்கே பெரும் பங்கு உண்டு. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. 2020 அக்டோபரில், ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு மின்பட்டியல் கட்டாயமானது. அந்த வரம்பு படிப்படியாக 100, 50, 20, 10 கோடி என்று இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடியாயிற்று. அதாவது ஐம்பது பேர் வேலை செய்யும் ஒரு பாகத் தயாரிப்புக் கூடமும் தன் பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்து, அதற்குரிய எண்ணைப் பெற வேண்டும். எண் இல்லாத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது என்பதால், வாங்கும் பெரிய நிறுவனமே அதை ஏற்காது. பில் புத்தகமும் கார்பன் தாளும் இப்படித்தான் ஒதுங்கின. புதுமையை விரும்பித் தேடிப் போனவர்கள் சிலரே. பெரும்பாலோர் வேறு வழியின்றிப் போனவர்கள். மேகக் கணிமை பரவிய கதையைச் சொல்வோர் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

வேலைகள் எங்கே போயின?

சர்வர் அறை மூடப்பட்டபோது அதைக் காத்தவரின் வேலை இரண்டாகப் பிரிந்தது. வயர் மாட்டுவது, வட்டு மாற்றுவது போன்ற உடலுழைப்பு பெரிய தரவு மையங்களுக்குப் போயிற்று. அங்கே சிலரே போதும். வாடகைக்கு எடுத்த கணினிகளை நிரல் எழுதி இயக்குவது, பாதுகாப்பது, மாதாமாதம் ஏறும் கட்டணத்தைக் கட்டுக்குள் வைப்பது ஆகியன புதிய பணிகளாயின. லினக்ஸ், வலையமைப்பு, தரவுத்தளம் ஆகியவற்றின் அடிப்படை தெரிந்த பழைய ஊழியர் இப்பணிக்கு எளிதாக மாறினார். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அது கடினமாயிற்று.

அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் நடந்த பொறியியல் கலந்தாய்வு இந்தத் தேவையைக் காட்டும் வெப்பமானி போன்றது. 2018-இல் கலந்தாய்வே இணையவழிக்கு மாறியது. 2020-க்குப் பிறகு செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் பிரிவுகள் பரவலாயின. ஒரு பாடப்பிரிவுக்கு இத்தனை இடங்கள்தாம் என்ற உச்சவரம்பை 2024-25 கல்வியாண்டில் ஏ.ஐ.சி.டி.இ. நீக்கியதும், பல கல்லூரிகள் கணினி இடங்களைக் கூட்டின. இன்று சேரும் மாணவர் நான்கு ஆண்டு கழித்தே வேலை தேடுவார். சந்தையோ அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 விழுக்காட்டினரைக் குறைப்பதாக அறிவித்தது. நடுத்தர, மூத்த நிலைகளில் இருந்தோரே அதில் மிகுதி.

வாடகை முறையில் வேறொரு சிக்கலும் உண்டு. அதே மாதம், ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடையைத் தொடர்ந்து, குஜராத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகிய பின்னரே மின்னஞ்சல் திரும்பக் கிடைத்தது. கிண்டியில் தவணை முறையில் கொட்டகை பெற்றவர், கடைசித் தவணையைக் கட்டியதும் உரிமையாளரானார். மேகக் கணிமையில் அத்தகைய கடைசித் தவணை கிடையாது. ஒரு நிறுவனத்திடமிருந்து தரவை எடுத்துக்கொண்டு வெளியேறுவதற்கே நீண்ட காலம் தனிக் கட்டணம் இருந்தது. கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் ஆகியவை அதை விலக்கியது 2024-இல்தான்.