கொல்லர் பட்டறையில் ஒரு விதி: துர் த பிரான்ஸ் பற்றிய ரொலான் பார்த்தின் வாசிப்பு குறித்து

துர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைக் காவியமாக வாசித்தவர் ரொலான் பார்த். 1957இல் வெளிவந்த 'மித்தொலொழி' நூலில் 1955ஆம் ஆண்டுப் பந்தயத்தை வைத்து அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, இந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசும் எவரும் ஹோமரை இழுக்காமல் பேசுவதில்லை. ஓட்டப்பந்தயமும் கால்பந்தும் விளையாட்டாகவே நின்றுவிட, துர் மட்டும் புராணமாகிவிட்டது. அந்த வாசிப்பின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் வரலாற்றாக எடுத்துக்கொண்டால் அது பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். பார்த் தெய்வங்களுக்குக் கொடுத்த இடத்தில் உண்மையில் இருந்தது ஒரு விதிப்புத்தகம். அதை எழுதியவர் ஒரு பத்திரிகை ஆசிரியர்.

பார்த்தின் வாதத்தை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வீரர்களின் பெயர்கள் பழங்குடிகளின் காலத்திலிருந்து வருவன போல் ஒலிக்கின்றன என்கிறார். நிலம் ஒரு பாத்திரமாகிறது. ஒவ்வொரு நாள் கட்டமும் வீரனை எதிர்த்து நிற்கும் ஓர் உயிர். மலைகளில் மோன் வாந்து பலி கேட்கும் தீய தெய்வம். வீரனின் வலிமையை அவர் இரண்டாகப் பிரிக்கிறார்: உழைத்துச் சேர்த்த உடல்நிலை ஒன்று, தேவர்கள் திடீரென்று பாய்ச்சும் மின்னல் மற்றொன்று. ஊக்கமருந்து உட்கொள்வது அந்த மின்னலைத் திருடுவது, ஆகவே தெய்வக் குற்றம். பந்தயத்தின் பின்னால் பணம் இருப்பதும் லாபக் கணக்கு இருப்பதும் அவருக்குத் தெரியாததல்ல, கடைசியில் அதைச் சொல்கிறார். ஆனால் கடைசியில்தான் சொல்கிறார். காவியம் ஒரு பக்கம், கெட்டுப்போன பொருளாதார அடித்தளம் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைக்கிறார். இந்தப் பிரிவினைதான் எனக்கு உடன்பாடில்லாதது. காவியத்தைக் கட்டியதே அந்த அடித்தளம்தான்.

இதைக் காட்ட ஒரே ஒரு கல்வெட்டை எடுத்துக்கொள்கிறேன்.

பிரனே மலையில் துர்மலே கணவாய்க்குக் கீழே சென்ட்-மரி-த-காம்பான் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே பழைய கொல்லர் பட்டறை இருந்த சுவரில் ஒரு பலகை. அதன் செய்தி இது: 1913இல் துர் த பிரான்ஸ் பொதுத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த ஒய்ழேன் கிறிஸ்தோஃப், துர்மலேயில் வண்டி விபத்துக்கு ஆளாகி, தன் சைக்கிளின் ஃபோர்க்கை இங்கே உலையில் காய்ச்சிச் சரிசெய்தார், பல கிலோமீட்டர் நடந்து, மதிப்புமிக்க மணிநேரங்களை இழந்தும், தாம் வென்றிருக்க வேண்டிய பந்தயத்தைக் கைவிடவில்லை, மனவுறுதிக்கு உன்னதமான எடுத்துக்காட்டானார்.

மெய்க்கீர்த்தி படித்துப் பழகியவர்களுக்கு இந்த நடை புதிதல்ல. மன்னன் வென்ற நாடுகள் வரிசையாக வரும், தோற்ற போரைப் பற்றிப் பேச்சிருக்காது. இந்தப் பலகையில் மலை, நடை, உலை, மனவுறுதி எல்லாம் இருக்கின்றன. கிறிஸ்தோஃபை மூன்று மணிநேரத்துக்கும் மேல் அந்தப் பட்டறையில் கட்டிப்போட்ட விதி மட்டும் இல்லை. ஓட்டக்காரர் எவருடைய உதவியும் பெறக் கூடாது, பழுதைத் தன் கையால்தான் பார்க்க வேண்டும் என்பது அந்த விதி. 'லோத்தோ' நாளிதழின் ஆசிரியரும் பந்தயத்தின் அதிபதியுமான அன்றி தெக்ராஞ்ஜ் வகுத்தது. கிறிஸ்தோஃப் பூட்டுத் தொழிலாளியாக இருந்தவர், இரும்பு வேலை அறிந்தவர். கொல்லர் வாயால் வழி சொல்லலாம், கையால் தொடக் கூடாது. பந்தய அதிகாரிகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் இரும்பு என்றிருந்தவர், துருத்தி ஊத ஒரு சிறுவனை விட்டார். அதற்கு அபராதம் விழுந்தது. பசிக்கிறது, சாப்பிட்டு வருகிறோம் என்று காவல் நின்ற அதிகாரிகள் கேட்டபோது, கரியைத் தின்னுங்கள், நான் உங்கள் கைதி, என்னைவிட்டு நகரக் கூடாது என்று அவர் சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. சொன்னாரோ இல்லையோ, நிலைமையைச் சரியாகப் பிடித்த சொல் அது. அவர் மலையின் கைதியாக அங்கே நிற்கவில்லை.

பலகை சொல்லும் மூன்று செய்திகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவது, 'முதலிடத்தில் இருந்தவர்'. 1913 ஜூலை 9 அன்று பாயோனிலிருந்து லுஷோன் வரை 326 கிலோமீட்டர். அன்று காலை முதலிடத்தில் இருந்தவர் முந்தைய ஆண்டு வென்ற ஒதீல் தெஃப்ரே. கிறிஸ்தோஃப் சில நிமிடங்கள் பின்னால் இரண்டாவது. மலையில் தெஃப்ரே பின்தங்கிப் பந்தயத்தை விட்டு விலகினார். துர்மலே உச்சியை பிலிப் தீஸ் முதலிலும் கிறிஸ்தோஃப் அவருக்குப் பின்னாலும் கடந்தார்கள். ஆக, ஃபோர்க் முறிந்த நேரத்தில் மணிக்கணக்குப்படி கிறிஸ்தோஃப் முதலிடத்தில் இருந்தார் என்று சொல்லலாமே தவிர, அறிவிக்கப்பட்ட தரவரிசை அதுவல்ல. சாலை நடுவில் இருந்த கணக்கைப் பலகை பட்டமாக மாற்றியிருக்கிறது.

இரண்டாவது செய்தி, 'வண்டி விபத்து'. ஃபோர்க் தானாக முறிந்ததா, ஏதேனும் கார் மோதியதா என்பதில் கதை இரண்டுபட்டே வழங்குகிறது. பலகை இரண்டுக்கும் பொருந்தும் சொல்லைத் தேர்ந்திருக்கிறது. கிறிஸ்தோஃப் ஓட்டியது பூஜோ நிறுவனத்தின் சைக்கிள். சைக்கிள் உற்பத்தியாளர்களின் விளம்பரத்தில் பிழைத்த பத்திரிகை நடத்திய பந்தயம் இது. முறிந்தது இரும்பு என்று சொல்வதைவிட விபத்து என்று சொல்வது எல்லோருக்கும் வசதி. நேரடிச் சான்று என்னிடம் இல்லை. சொல்லின் மங்கலும் அது யாருக்குப் பயன்பட்டது என்பதும் மட்டுமே என் ஆதாரம். ஆனாலும் இந்த மங்கல் தற்செயலானது என்று நம்ப மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது, 'வென்றிருக்க வேண்டியவர்'. காவிய வாசிப்பு முழுவதும் இந்த ஒரு சொல்லில் நிற்கிறது. ஆனால் அதே 1913 பந்தயத்தில், இறுதிக்கு முந்தைய கட்டத்தில், வெற்றியாளர் தீஸும் விழுந்து ஃபோர்க்கை முறித்துக்கொண்டார். அவரும் பூஜோ ஓட்டக்காரரே. அவர் சைக்கிள் கடையைத் தேடிப் பிடித்து அங்கே சரிசெய்வித்தார். தண்டனை 10 நிமிடம். அதையும் தாங்கிக்கொண்டு, இரண்டாமிடம் வந்த குஸ்தாவ் கரிகுவை 8 நிமிடம் 37 விநாடி முந்தி வென்றார். ஒரே பந்தயம், ஒரே நிறுவனத்து அணி, ஒரே உறுப்பு முறிவு. ஒருவருக்குப் பலகை, இன்னொருவரின் ஃபோர்க்கைப் பற்றிப் பேசுவாரில்லை. உதவி பெற்றதற்கு விலை 10 நிமிடம்தான் என்றால், கிறிஸ்தோஃப் அன்று லுஷோனில் தீஸுக்குப் பின்னால் இழந்த 3 மணி 50 நிமிடத்தில் எவ்வளவு மலையின் கணக்கு, எவ்வளவு விதிக்கு அவர் காட்டிய விசுவாசத்தின் கணக்கு? இறுதியில் அவர் ஏழாமிடம் வந்தார்.

துருத்தி ஊதிய சிறுவனுக்காக கிறிஸ்தோஃபுக்கு விழுந்த அபராதத்திலும் பாடபேதம் இருக்கிறது. 10 நிமிடம் என்று ஒரு மரபு, அது 3 நிமிடமாகக் குறைக்கப்பட்டது என்று இன்னொரு மரபு, 3 நிமிடம் மட்டுமே என்று சொல்பவர்களும் உண்டு. தீஸின் 10 நிமிடம் கதை சொல்லிகளின் வாயில் இடம் மாறி கிறிஸ்தோஃபின் மேல் ஏறியிருக்கலாம் என்பது என் ஊகம். அவர் நடந்த தூரமும் இப்படித்தான், 10 கிலோமீட்டரிலிருந்து 14 வரை நீள்கிறது. ஊகத்தை ஊகமாகவே வைக்கிறேன்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1905 முதல் 1912 வரை துர் வெற்றியாளரைத் தீர்மானித்தது நேரமல்ல, புள்ளி. கட்டத்தில் எத்தனையாவது வந்தார் என்பதே கணக்கு. 1913இல்தான் தெக்ராஞ்ஜ் மீண்டும் நேரக் கணக்குக்குத் திரும்பினார். பழைய முறைப்படி நான்கு மணிநேரம் இழந்தவர் ஒரு கட்டத்துக்குரிய புள்ளிகளோடு தப்பியிருப்பார். அடுத்த கட்டத்தில் ஈடுகட்ட வழி இருந்திருக்கும். ஓராண்டு முன்னால் அதே ஃபோர்க் அதே இறக்கத்தில் முறிந்திருந்தால் அது இவ்வளவு பெரிய துயரக் கதையாகியிருக்காது. தெய்வங்கள் எதுவும் மாறவில்லை. கூட்டல் முறை மாறியது.

விதி மாறியபோது அறமும் கூடவே மாறியதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டுகின்றன. 1930இல் தெக்ராஞ்ஜ் உற்பத்தியாளர் அணிகளை விலக்கி நாட்டு அணிகளைக் கொண்டுவந்தார்; செலவை ஈடுகட்ட விளம்பர வண்டி ஊர்வலம் வந்ததும் அதே ஆண்டு. அந்த ஆண்டு கலிபியே மலை இறக்கத்தில் விழுந்து, பிறகு பெடலும் முறிந்த ஆந்த்ரே லெதுக்கை அணித் தோழர்கள் காத்திருந்து கூட்டி வந்தார்கள், அவர் பந்தயத்தையே வென்றார். 1934இல் இளைஞர் ரெனே வியேத்தோ தன் சக்கரத்தைக் கழற்றி அணித்தலைவர் அந்தோனன் மாஞ்ஞிடம் கொடுத்துவிட்டு, சாலையோரச் சுவரில் உட்கார்ந்து அழுத படம் பிரான்ஸ் முழுவதும் பரவியது. மாஞ் வென்றார், வியேத்தோ ஐந்தாவது, ஆனாலும் மக்கள் மனத்தில் தியாகியானவர் வியேத்தோ. 1913இல் ஒரு சிறுவன் துருத்தியைத் தொட்டது குற்றம். 21 ஆண்டுகளில் முழுச் சக்கரத்தையே கொடுப்பது புண்ணியம். காவியத்தின் அறம் என்று பார்த் பேசுவது இப்படி ஆண்டுக்காண்டு திருத்தி அச்சிடப்பட்ட அறம்.

வாந்துவைப் பற்றி அவர் சொன்னது எனக்கு மிகவும் உறுத்துவது. 1955 ஜூலை 18 அன்று அந்த மலையில் ழான் மலேஜாக் என்ற ஓட்டக்காரர் நினைவிழந்து விழுந்தார். ஒரு கால் பெடலில் சிக்கியிருக்க, இன்னொரு கால் காற்றில் மிதித்துக்கொண்டிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். கால் மணிநேரம் போராடி அவரைப் பிழைக்க வைத்தவர் பந்தய மருத்துவர் பியேர் துய்மா. மலை பலி கேட்டது என்று அந்த மருத்துவர் நினைக்கவில்லை, உள்ளே போன மருந்து எது என்று கேட்டார். அவரைப் போன்றவர்களின் பிடிவாதத்துக்குப் பின் 1965இல் பிரான்சில் ஊக்கமருந்துக்கு எதிரான சட்டம் வந்தது. 1967 ஜூலை 13 அன்று அதே வாந்துவில் ஓட்டக்காரர் டாம் சிம்ப்சன் இறந்தார். உடலில் ஆம்ஃபெட்டமின் இருந்தது. தெய்வக் குற்றம் என்ற சொல், குற்றத்தை வீரனோடு நிறுத்திவிடுகிறது. 1924இலேயே ஓட்டக்காரர்களான பெலிசியே சகோதரர்கள் பந்தயத்தைப் பாதியில் விட்டு வந்து, அல்பேர் லோந்த்ர் என்ற நிருபரிடம் கோக்கெய்னையும் மாத்திரைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார்கள். அன்று அவர்கள் விலகியது மருந்துக்காக அல்ல. வெயில் ஏறிய பிறகு மேல் பனியனைக் கழற்றிப் போடக் கூடாது என்ற விதிக்காக.

ஒப்பிட்டுப் பார்க்க நம் பக்கத்துத் தேர் ஒன்று இருக்கிறது. புதுச்சேரியின் வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் தேர் ஆடி ஐந்தாம் வெள்ளியில் ஓடும். பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கி வைத்த வழக்கம், இன்றைய துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது. அந்தத் தேரைப் பற்றி எழுதுபவர் அம்மனின் அருளைச் சொல்லி, வடத்தைத் தொட்ட அரசையும் முட்டுக்கட்டை போடும் கைகளையும் விட்டுவிட்டால், தேர் எப்படித் திரும்பியது என்று வாசகருக்கு விளங்காது. பார்த் துருக்குச் செய்தது இதுவே.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. பார்த் எழுதிய பந்தயம் அதற்கடுத்த கோடையில் நடந்தது. அவர் காட்டும் பிரான்ஸ், மலைகளாலும் கடலாலும் அடைபட்ட ஒரு வீடு. வீரர்களின் பெயர்கள் அந்த வீட்டின் பழங்குடிகள், அக்கம்பக்கத்து ஐரோப்பியர்கள். ஆனால் 1950இல் வட ஆப்பிரிக்க அணியில் ஓடிய அல்ஜீரியர் அப்தெல் காதர் ஸாஃப் நீம் நோக்கிய சாலையில் தோழர் மார்செல் மொலினேஸுடன் தனியே முன்னேறி, வெயிலில் சுருண்டு மரத்தடியில் சாய்ந்து, எழுந்து எதிர்த்திசையில் ஓட்டினார். மொலினேஸ் அந்தக் கட்டத்தை வென்றார். ஸாஃபுக்கு மிஞ்சியது, மது குடித்த முஸ்லிம் என்ற வேடிக்கைக் கதை. 1955ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்ட பார்த் ஸாஃபைச் சேர்க்கவில்லை என்று குறை சொல்வது முழு நியாயமாகாது. ஆனால் அவருடைய பழங்குடிப் பெயர் முறையில் ஸாஃபுக்கு எங்கே இடம் என்று கேட்கலாம். எனக்கு இடம் தெரியவில்லை.

கிறிஸ்தோஃபுக்கு ஃபோர்க் இன்னும் இரு முறை முறிந்தது. 1919இல் வலான்சியென்னில் முறிந்தபோது அவர் உண்மையாகவே முதலிடத்தில் இருந்தார். இரண்டு மணிநேரத்துக்கு மேல் போயிற்று, ஃபிர்மன் லாம்போ வென்றார், கிறிஸ்தோஃப் மூன்றாவது. 'லோத்தோ' வாசகரிடம் நன்கொடை திரட்டி, கொடுத்தவர் பெயர்ப் பட்டியலை நாள்தோறும் அச்சிட்டது. 1922இல் கலிபியே இறக்கத்தில் மீண்டும் முறிந்தது. முதல் முறிவுக்கு மட்டும் கல்லில் இடம் கிடைத்தது.

முடிவு காணாத ஒரு தேதியையும் சொல்ல வேண்டும். தரவரிசையில் முதலிடத்தில் இருப்பவருக்குரிய, பத்திரிகைத் தாளின் நிறமான மஞ்சள் ஜெர்சியை முதலில் அணிந்தவர் கிறிஸ்தோஃப், நாள் 1919 ஜூலை 19, இடம் கிரனோபிள் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட செய்தி. ஆனால் தீஸ் முதுமையில் தந்த ஒரு பேட்டியில், 1913லேயே தெக்ராஞ்ஜ் தம்மை மஞ்சள் அணியச் சொன்னதாகவும், எதிராளிகளுக்கு அடையாளம் காட்டிக்கொடுக்கும் என்று தாம் மறுத்ததாகவும், விளம்பரத்துக்கு நல்லது என்று பூஜோ மேலாளர் அல்போன்ஸ் போழே வற்புறுத்தியதால் இசைந்ததாகவும் சொன்னார். கடையில் வாங்கிய ஜெர்சியில் தலை நுழைய மறுத்துக் கழுத்தை வெட்டிப் பெரிதாக்க வேண்டியிருந்தது என்ற விவரத்தைப் புனைந்து சொல்வது கடினம். ஆனால் 1913 பத்திரிகைகளில் இதற்குச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. தீஸ் பொய் பேசுபவராக அறியப்பட்டவரல்லர். நாற்பதாண்டு பழைய நினைவு 1913ஐயும் பின்வந்த ஏதோ ஓராண்டையும் கலந்திருக்கலாம். இரு பக்கத்திலும் தீர்ப்பளிக்கப் போதிய சான்று இல்லை. 1913 உண்மையானால், கிறிஸ்தோஃப் உலை முன் நின்ற அதே பந்தயத்தில்தான் மஞ்சளும் தொடங்கியிருக்கிறது, அதை வற்புறுத்தியவர் சைக்கிள் நிறுவனத்தின் மேலாளர்.