வெள்ளித்திரையும் வெள்ளைத் துணியும்

வெள்ளித்திரை என்ற சொல் இன்று திரைப்பட உலகையே குறிக்கிறது. தொடக்கத்தில் அது ஒரு பொருளின் பெயர்: வெள்ளி அல்லது அலுமினியப் பூச்சு பூசி, ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும் திரை. செண்பகத்தோப்பு மலையடிவாரத்து ஊர்களில் கூடாரக் கொட்டகைக்குப் போன என் தலைமுறையினர் பார்த்ததோ வெறும் வெள்ளைத் துணி.

தென்னிந்திய இரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் துபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். ஊர்விட்டு ஊர் போகிறவருக்குத் துணியே வசதி. அதை மடித்து வண்டியில் போடலாம். பூச்சுத் திரையை மடித்தால் மடிப்புக் கோடு படத்தில் தெரியும்.

துணிக்கு இன்னொரு குணமும் உண்டு. பளபளப்பற்ற வெண்பரப்பு ஒளியை எல்லாத் திசைக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். அதன் ஒளிப்பெருக்கத்தை (கெயின்) 1 என்று கொள்வர். பெருக்கம் 2 உள்ள திரை நேர் எதிரே இருமடங்கு பிரகாசம் தரும். ஆனால் புதிதாக ஒளியை உண்டாக்குவதில்லை. பக்கவாட்டில் போகவேண்டிய ஒளியைத்தான் நடுவுக்குத் திருப்புகிறது. பிரகாசம் பாதியாகக் குறையும் கோணத்தை அரைப்பெருக்கக் கோணம் என்பர்.

கொட்டகையில் தரை டிக்கெட்டுக்காரர்கள் திரைக்கு மிக அருகில், ஓரம்வரை நெருக்கியடித்து உட்கார்ந்தனர். வெள்ளித்திரை இருந்திருந்தால் பின்னால் நாற்காலியில் இருந்தவருக்கே நல்ல படம், ஓரத்தவருக்கு மங்கல்தான். துணியில் படம் சற்று மங்கலென்றாலும் எல்லாருக்கும் ஒரே மங்கல். காசுக்கேற்ற இருக்கை உண்டு, காசுக்கேற்ற வெளிச்சம் இல்லை!

வெள்ளித்திரைக்கு இன்றியமையாத இடமும் உண்டு. 1984இல் வெளிவந்த மலையாளப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' போன்ற முப்பரிமாணப் படங்களில் இரு கண்களுக்கும் உரிய ஒளி தனித்தனியாக முனைவாக்கப்பட்டு வரும். உலோகப் பூச்சு அதை அப்படியே காக்கும், துணி கலைத்துவிடும்.

இப்போது வீட்டுப் புரொஜெக்டருக்குத் திரை வாங்குவோர் பெருக்க எண்ணை மட்டும் பார்க்கின்றனர். சோதிப்பது எளிது. அறையை இருட்டாக்கி, முழு வெண்மைப் படத்தைத் திரையில் விழச் செய்து, திரையின் நடுவில் பளபளப்பற்ற வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டவேண்டும். நேர் எதிரே நின்றால் தாளைவிடத் திரை பிரகாசமாக இருக்கும். மெல்லப் பக்கவாட்டில் நடந்தால் ஓரிடத்தில் இரண்டும் சமமாகும். அதற்கப்பால் தாளே வெளிச்சமாகத் தெரியும். குடும்பத்தார் உட்காரும் பாய் அந்த இடத்தைத் தாண்டி நீளுமானால், சுவருக்கு வெள்ளையடித்தாலே போதும்.