சிவப்பு ஒயினின் பாக்டீரியா எதிர்ப்புச் சேர்மங்கள்

கருந்திராட்சையின் தோலிலும் விதையிலும் உருவாகி, பழச்சாறு நொதிக்கும்போது ஒயினில் இறங்கும் பாலிஃபீனால்கள் பலவற்றுக்குப் பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கும் திறன் உண்டு. ரெஸ்வெரட்ரால், டானின் வகையைச் சேர்ந்த புரோஆந்தோசயனிடின்கள், நிறம் தரும் அந்தோசயனின்கள், குவர்செட்டின், காலிக் அமிலம், காஃபியிக் அமிலம் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. பல், ஈறு நோய்கள், முகப்பரு, இரைப்பை அழற்சி ஆகியவற்றில் இவற்றின் பயன் ஆராயப்பட்டுள்ளது. ஒயினையே மருந்தாகக் குடிக்கலாம் என்ற முடிவுக்கு அந்த ஆய்வுகள் இடம் தரவில்லை.

தாவரத்தில் இவற்றின் வேலை

திராட்சைக்கொடி இவற்றைத் தன் பாதுகாப்புக்காகவே உண்டாக்குகிறது. சாம்பல் பூசணம் எனப்படும் போட்ரைடிஸ் பூஞ்சை தாக்கினாலோ புற ஊதாக் கதிர் பட்டாலோ இலையில் ரெஸ்வெரட்ரால் பெருகுவதை லாங்கேக், பிரைஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1976இல் காட்டினர். அதற்கு முன்பே, 1939இல், ஜப்பானிய வேதியியலாளர் மிச்சியோ தக்கவோக்கா இச்சேர்மத்தை வெராட்ரம் என்ற செடியிலிருந்து பிரித்திருந்தார். ஈரமும் குளிரும் மிகுந்த பகுதிகளில் விளையும் பினோ நுவார் போன்ற திராட்சைகளில் இது கூடுதலாக இருப்பதற்குப் பூஞ்சைத் தொல்லையே காரணம் எனக் கருதப்படுகிறது.

வெள்ளை ஒயினுக்குச் சாற்றை முதலிலேயே பிழிந்து, தோலை நீக்கிவிடுவார்கள். சிவப்பு ஒயினில் தோலும் விதையும் பல நாட்கள் சாற்றோடு கிடந்து நொதிக்கின்றன. உண்டாகும் ஆல்கஹால் தோலிலிருந்து பாலிஃபீனால்களைக் கரைத்து எடுக்கிறது. அதனால் ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் ஏறத்தாழ 1 முதல் 4 கிராம் வரை பாலிஃபீனால்கள் சேர்கின்றன; வெள்ளை ஒயினில் சில நூறு மில்லிகிராம் மட்டுமே. புகழ் முழுவதையும் வாங்கிக்கொண்ட ரெஸ்வெரட்ராலின் பங்கோ லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். ஒயினின் துவர்ப்புக்குக் காரணமான டானின்களே அளவில் மிக அதிகம்.

இச்சேர்மங்கள் திராட்சைக்கு மட்டும் உரியவை அல்ல. நிலக்கடலையின் சிவந்த மெல்லிய தோலிலும் ரெஸ்வெரட்ராலும் புரோஆந்தோசயனிடின்களும் உள்ளன. போர்தோ நகரின் ஆய்வாளர் ஜாக் மாஸ்கெலியே 1940களில் புரோஆந்தோசயனிடின் ஆய்வைத் தொடங்கியது கடலைத் தோலில்தான். பைன் மரப்பட்டைக்கும் திராட்சை விதைக்கும் அவர் பிறகே வந்தார்.

புண்ணுக்கு ஒயின்

கிரேக்க மருத்துவர்கள் புண்ணை ஒயினால் கழுவினர். கி.பி. 157இல் பெர்கமோன் நகரில் கிளாடியேட்டர் வீரர்களுக்கு மருத்துவராக அமர்ந்த கேலன், ஒயினில் நனைத்த துணியால் வெட்டுக்காயங்களைக் கட்டினார். சீழ் வைத்தால்தான் புண் ஆறும் என்று ஐரோப்பா நம்பிய 13ஆம் நூற்றாண்டில், இத்தாலியைச் சேர்ந்த தியோடோரிக் போர்கொஞ்ஞோனி அதை மறுத்து, ஒயினால் புண்ணைச் சுத்தம் செய்து மூடிக் கட்டச் சொன்னார். கிருமி என்ற கருத்தே இல்லாத காலத்தில் இந்த அளவுக்குக் கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பது வியப்புக்குரியது.

1890களில் காலரா பரவியபோது, ஒயின் கலந்த நீரில் காலரா, டைபாய்டு கிருமிகள் மடிவதை வியன்னாவின் அலோய்ஸ் பிக் சோதித்துக் காட்டினார். ஒயினின் நிறமிகளுக்கும் இதில் பங்குண்டு என்பதை 1950களில் எடுத்துச் சொன்னவர் மாஸ்கெலியே.

எது கொல்கிறது?

ஒயினில் ஆல்கஹால் சுமார் 12 முதல் 14 சதவீதம். கிருமிநாசினியாக ஆல்கஹால் நன்கு வேலை செய்ய 60 சதவீதத்துக்கு மேல் வேண்டும். 1995இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வில், சால்மனெல்லா, ஷிகெல்லா, ஈ.கோலை கிருமிகளை ஒயினிலும், வயிற்றுக் கோளாறுக்குக் கொடுக்கப்படும் பிஸ்மத் சாலிசிலேட்டிலும், நீர்த்த ஆல்கஹாலிலும் இட்டுப் பார்த்தனர். ஒயின் மற்ற இரண்டையும் மிஞ்சியது. ஆனால் சிவப்பைப் போலவே வெள்ளை ஒயினும் கிருமிகளைக் கொன்றது. பாலிஃபீனால் மட்டுமே காரணம் என்றால் இப்படி நடந்திருக்காது.

2007இல் இத்தாலியின் பவியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆல்கஹால் நீக்கிய ஒயினைப் பகுத்து, வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் மீது சோதித்தனர். கொல்லும் வேலையை முக்கியமாகச் செய்தவை சக்சினிக், மாலிக், லாக்டிக், டார்டாரிக் முதலிய கரிம அமிலங்கள். அதே குழு 2010இல் வேறொன்றைக் கண்டது: சொத்தைப்பல்லுக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பல்லில் ஒட்டுவதையும் அடுக்காகப் படிவதையும் புரோஆந்தோசயனிடின்கள் தடுத்தன. ஒட்டவிடாமல் செய்யும் இந்தத் திறனே பாலிஃபீனால்களின் சிறப்பு என்று சொல்லத் தோன்றுகிறது.

டானின்கள் பாக்டீரியாவின் புரதங்களோடு பிணைகின்றன. அதற்குத் தேவையான இரும்பையும் பற்றிக்கொள்கின்றன. ரெஸ்வெரட்ரால், செல் இரண்டாகப் பிரிய உதவும் எஃப்டிஎஸ்-இசட் புரதம் உருவாவதைக் குறைப்பதாக ஈ.கோலையில் காணப்பட்டுள்ளது. ஆனால் ஈ.கோலை போன்ற கிராம்-எதிர் பாக்டீரியாக்களுக்கு வெளிச்சவ்வும், உள்ளே வந்ததை வெளியேற்றும் பம்புகளும் உண்டு. அதனால் அவற்றை அடக்க மிகுந்த அளவு தேவைப்படுகிறது.

அளவுச் சிக்கல்

ஆய்வுக்கூடத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிருமியின் வளர்ச்சியை நிறுத்த, ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ரெஸ்வெரட்ரால் வேண்டியிருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் ஒயினில் இருப்பது சில மைக்ரோகிராம். குடித்த பிறகு நிலைமை இன்னும் மோசம். 2004இல் அமெரிக்காவில் தன்னார்வலர்களுக்கு 25 மில்லிகிராம் ரெஸ்வெரட்ராலை வாய்வழியே கொடுத்தனர்; பல லிட்டர் ஒயினில் இருக்கும் அளவு இது. குடல் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டது. ஆனாலும் மாற்றமடையாத ரெஸ்வெரட்ரால் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம்கூட இல்லை. குடலும் கல்லீரலும் அதை உடனுக்குடன் வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. ரத்தத்திலோ நுரையீரலிலோ உள்ள தொற்றுக்கு இச்சேர்மங்கள் பயன்படாமல் போவது இதனால்தான்.

மருத்துவப் பயன்கள்

சேர்மம் கிருமியை நேரடியாகத் தொடக்கூடிய இடங்களில்தான் நம்பிக்கைக்கு வழி இருக்கிறது. வாய் அவற்றில் முதலாவது. ஒயினில் உள்ள காஃபியிக், பாரா-குமாரிக் அமிலங்கள் ஈறுநோய்க் கிருமிகள் ஈறு செல்களில் ஒட்டுவதைக் குறைப்பதை 2018இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் செல் வளர்ப்பில் காட்டினர். மறுபுறம், ஒயினின் அமிலம் பல் எனாமலை அரிக்கிறது. ஒயினால் வாய் கொப்பளிப்பது தீமையே தரும்.

முகப்பருவில், நேப்பிள்ஸ் மருத்துவர்கள் 20 நோயாளிகளின் முகத்தில் ஒரு பக்கம் ரெஸ்வெரட்ரால் ஜெல்லும் மறுபக்கம் மருந்தில்லா ஜெல்லும் பூசி ஒப்பிட்டு, மருந்து பட்ட பக்கத்தில் பரு குறைந்ததாக 2011இல் தெரிவித்தனர். ஊக்கம் தரும் முடிவு, ஆனால் சிறிய ஆய்வு. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி ரெஸ்வெரட்ராலுக்கு ஆய்வுக்கூடத்தில் அடங்குகிறது. மனிதரில் அதை ஒழிக்க இன்றும் ஆன்டிபயாடிக்குகளும் அமிலக் குறைப்பு மருந்துகளும்தான் வழி. இதுவரை ஒயினின் எந்தப் பாலிஃபீனாலும் ஆன்டிபயாடிக் மருந்தாக அங்கீகாரம் பெறவில்லை.

ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே வகைப்படுத்தியது. எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. மெட்ரோனிடசோல் போன்ற மருந்து எடுப்பவர்கள் ஒயினைத் தொடவே கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். மாத்திரைகளாக விற்கும் ரெஸ்வெரட்ராலையும் மருத்துவரிடம் சொல்லாமல் உட்கொள்வது நல்லதல்ல. அது சில ஆன்டிபயாடிக்குகளின் வீரியத்தைக் குறைப்பதாக ஆய்வுக்கூட முடிவுகள் உள்ளன.

இச்சேர்மங்களைப் பெற ஒயினும் அவசியமில்லை. பிழிந்த பிறகு தொழிற்சாலையில் மிஞ்சும் தோலும் விதையும் கலந்த சக்கையிலேயே பாலிஃபீனால்கள் ஏராளமாகத் தங்கிவிடுகின்றன. திராட்சை விதைச் சாறு தயாரிப்பவர்கள் அந்தச் சக்கையைத்தான் வாங்குகிறார்கள்.