தாமிரபரணித் தண்ணீர், பாபநாசம் கரண்ட், மாஞ்சோலைத் தேயிலை

எலக்ட்ரிக் கெட்டிலில் டீ போட மூன்று பொருள்கள் வேண்டும்: தண்ணீர், மின்சாரம், தேயிலை. திருநெல்வேலிக்காரர்களுக்குப் பல பத்தாண்டுகள் இந்த மூன்றையும் மேற்கே தெரியும் ஒரே மலைதான் கொடுத்தது.

முதலில் தண்ணீர். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணிதான் நெல்லையின் குடிநீர். ஆற்றுத் தண்ணீரில் போட்ட டீக்கும் போர் தண்ணீரில் போட்ட டீக்கும் உள்ள வித்தியாசம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். உப்புத் தண்ணீரில் டீயின் நிறம் மங்கி, மேலே ஆடை போல ஒரு படலம் கட்டும். கெட்டிலின் அடியிலும் வெள்ளையாகப் படியும்.

அடுத்தது கரண்ட். 1880களில் விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை கட்டியபோதே விழும் தண்ணீரின் வேகத்தை இயந்திரம் ஓட்டப் பயன்படுத்தினார்கள். பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது 1944-ல். (இன்றைக்கு எந்த வீட்டுக்கு எந்த நிலையத்தின் மின்சாரம் வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே வலையில் கலந்துவிடுகிறது.) கெட்டில் அதற்கு முன்பே மேல்நாட்டில் இருந்தது. 1890களிலேயே மின்சாரக் கெட்டில்கள் விற்பனைக்கு வந்தன. ஆனால் தண்ணீர் கொதித்ததும் தானே அணையும் வகையை இங்கிலாந்தின் ரஸ்ஸல் ஹாப்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது 1955-ல்தான். நம் வீடுகளுக்கு அது வர இன்னும் பல வருடம் ஆனது.

மூன்றாவதான தேயிலையின் கதைதான் பெரிது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் தன் மலைக்காட்டில் 8,373 ஏக்கருக்கு மேல் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டது. வழக்குச் செலவால் ஏற்பட்ட கடனே காரணம் என்று சொல்வது வழக்கம். காடு திருத்தி மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தோட்டங்கள் எழுந்தன. 1952-ல் ஜமீன் ஒழிப்பில் நிலம் அரசிடம் போனது, குத்தகை மட்டும் தொடர்ந்தது.

அந்தக் காலத்தில் நெல்லை வீடுகளில் டீக்கு மரியாதை குறைவு. காப்பி அக்ரஹாரத்துப் பானம், டீ உழைப்பாளியின் பானம் என்ற எண்ணம் இருந்தது. தேயிலை வாரியத்தார் ஊர் ஊராகப் போய் இலவசமாக டீ கொடுத்து, கொதிக்கும் தண்ணீரை இலைமேல் ஊற்றிச் சில நிமிடம் மூடி வையுங்கள் என்று பாடம் நடத்தினார்கள். நம்மவர்களோ தூளையும் பாலையும் சர்க்கரையையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைத்தார்கள்! கெட்டிலுக்குப் பழைய பாடம்தான் பொருந்தும். அதில் பால் ஊற்றினால் பொங்கும், அடிப்பிடிக்கும். தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து, தேயிலைமேல் ஊற்றி, நான்கு நிமிடம் மூடிவைத்து, தனியே காய்ச்சிய பாலைச் சேர்த்தால் கசப்பு குறைந்து மணம் நிற்கும். ஃபில்டர் காப்பிக்கும் கெட்டில் நல்ல துணை. கொதி அடங்க அரை நிமிடம் விட்டு ஊற்றினால் டிகாஷன் நன்றாக இறங்கும்.

இந்த மணத்துக்குக் கூலி கொடுத்தவர்கள் யார் என்பதுதான் கேள்வி. மூன்று, நான்கு தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய குடும்பங்களுக்கு மலையில் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் நெல்லை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் வந்தது. போலீஸ் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கியவர்களில் 17 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் இரண்டு பெண்களும் ஒரு கைக்குழந்தையும் உண்டு. கெட்டிலில் ஊற்றுகிற அதே ஆறு.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் இந்தத் தோட்டங்களை நிறுவனம் 2024-ல் மூடியது. தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் கையெழுத்திடச் சொன்னார்கள். தோட்டத்தை அரசின் தேயிலைக் கழகமே எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 1929-ல் எழுதிய குத்தகைப் பத்திரத்தின்படி கெடு முடிவது 2028-ல்.