படுத்தால்தான் பணம்: மனநோயும் காப்பீடும்

மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தை நம்மில் எத்தனை பேர் முழுசாகப் படித்திருப்போம்? முதலில் நம்மில் எத்தனை பேரிடம் அது இருக்கிறது என்று கேட்க வேண்டும். அது தனிக் கேள்வி. வைத்திருக்கிறவர்கள் கடைசிப் பக்கங்களை எடுத்துப் பாருங்கள். பொடி எழுத்தில் 'விலக்குகள்' என்று ஒரு பட்டியல். ரொம்ப வருஷம் அந்தப் பட்டியலில் பால்வினை நோய், குடி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, இவற்றோடு மனநோயும் இருந்தது. எதை எதோடு சேர்த்து வைத்திருக்கிறான் பாருங்கள். ஊருக்கு வெளியே நிறுத்தப் பட்டியல் போடுகிற வேலை நமக்குப் புதுசில்லை.

சென்னையில் மனநல மருத்துவமனை தொடங்கியதே வியாபாரமாகத்தான். 1794இல் வேலண்டைன் கொனொலி என்ற கம்பெனி சர்ஜன் ஒரு தனியார் விடுதியைத் தொடங்கினார். உள்ளே இருப்பவர்களுக்கான செலவைக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது. அடைத்து வைப்பதற்குக் காசு. கீழ்ப்பாக்கத்தில் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது 1871இல். பிறகு 1912இன் பைத்தியச் சட்டம், அதை மாற்றிய 1987இன் மனநலச் சட்டம். (தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்களில் ஃபூக்கோவை வைத்துப் பைத்தியத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நல்லதுதான். மாத்திரைக்கு யார் காசு கட்டுவது என்று அதில் யாரும் கேட்டதாக நான் பார்க்கவில்லை.)

காப்பீட்டின் கதை வேறு தடத்தில் ஓடியது. 1973இல் 107 கம்பெனிகளை ஒன்றாக்கி நான்கு அரசு நிறுவனங்கள் வந்தன. 1986இல் 'மெடிக்ளெய்ம்' வந்தது. 1999இன் சட்டம் தனியாருக்குக் கதவைத் திறந்தது. அரசானாலும் தனியாரானாலும் அச்சு ஒன்றுதான்: 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம். ஆபரேஷனுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். மனநோய்க்கு வேண்டியது பெரும்பாலும் படுக்கை அல்ல. மாதாமாதம் டாக்டர், தினமும் மாத்திரை, வருஷக்கணக்கில்.

மனநோயைக் காப்பீட்டில் கொண்டுவரவே முடியாது, கணக்குக் கட்டாது என்று சொன்னவர்களுக்கு ஒரு பதில் நம் பக்கத்திலேயே இருந்தது. 1948இன் ஈ.எஸ்.ஐ. சட்டம். தொழிலாளி பிடித்தம் கொடுத்து நடக்கிற காப்பீடு. வெளிநோயாளி வைத்தியமும் மாத்திரையும் அதில் உண்டு, குடும்பத்துக்கும் உண்டு. அதன் 34 நீண்டகால நோய்களின் பட்டியலில் தீவிர மனநோய்க்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வருஷமாவது வேலையில் இருந்தவருக்கு, நோயில் கிடக்கும்போது 80 சதவீதக் கூலி, இரண்டு வருஷம் வரை. ஆனால் தெருக் கூட்டுகிறவரும் செங்கல் சூளைக்காரரும் வயலில் நிற்பவரும் அதற்குள் வருவது அபூர்வம். அவர்களுக்கு என்ன வழி இருந்தது?

ஏர்வாடி இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். எனக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. எங்கள் தெருவிலிருந்தும் ஒருத்தரை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டிருந்தார்கள், வேறொரு இடத்தில். "காத்து கருப்பு எறங்கட்டும்னு விட்டோம், வைத்தியத்துக்கு எங்க போறது"ன்னு அவர் பெண்சாதி அன்றைக்கு அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. சட்டம் மாற மேலும் 16 வருஷம். 2017இன் மனநல மருத்துவப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவத்திலும் தடை செய்தது. அதே சட்டத்தின் 21(4) பிரிவு, உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறீர்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்றது. 2018 மேயில் சட்டம் அமலுக்கு வந்தது, ஆகஸ்டில் ஒழுங்குமுறை ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியது. கம்பெனிகள் அசையவில்லை. 2021இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், 35 லட்சம் பாலிசியில் மனநோய்க்கு மட்டும் 50,000தான் என்று ஒரு கம்பெனி உள்வரம்பு போட்டிருந்தது. இன்னொரு வழக்கில் பழைய விலக்கைக் காட்டியே ஒரு பெண்ணுக்குப் பணம் மறுத்திருந்தார்கள். சட்டம் வந்த நாளிலிருந்தே அந்த விலக்கு செல்லாது என்று நீதிமன்றம் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. 2022 அக்டோபரில் ஆணையம் மறுபடி கெடு வைத்தது: மாதக் கடைசிக்குள் எல்லாப் பாலிசியிலும் மனநோய் இருக்க வேண்டும்.

சரி, சேர்த்தாயிற்று. 'அதே அடிப்படையில்' என்ற சொல்லைத்தான் பார்க்க வேண்டும். உடல்நோய்க்கும் படுத்தால்தான் பணம், மனநோய்க்கும் படுத்தால்தான் பணம். சமம்! எல்லோருக்கும் ஒரே விதி என்று சொல்லியே நம்மை வெளியே நிறுத்துகிற சாமர்த்தியத்தை இடஒதுக்கீட்டு விவாதத்தில் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்.

எங்கள் சின்னம்மா மகன் ஒரு பேக்டரியில் வேலை பார்க்கிறான். அவனுக்கு மனச்சிதைவு நோய். மருந்தை விடாமல் சாப்பிட்டதால் ஷிப்ட் தவறாமல் போய்க்கொண்டிருந்தான். மாத்திரை ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வாங்குவான். ஈ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு 21,000, 2017 ஜனவரியில் வைத்தது. 2022இல் அவனுக்குச் சம்பளம் 600 ரூபாய் கூடி அந்தக் கோட்டைத் தாண்டியது. வீட்டில் கேசரி கிண்டினார்கள். ஆறு மாசக் கெடு முடிந்ததும் ஈ.எஸ்.ஐ. போயிற்று. கம்பெனி அதற்குப் பதில் தனியார் காப்பீட்டுக் கார்டு ஒன்றைக் கொடுத்தது. பளபளவென்று இருந்தது. மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போனில் கேட்டான். அட்மிட் ஆனால் மட்டும்தான் சார் என்றார்கள்.

"அண்ணே, அப்ப மாசம் ஒருநா படுத்துக்கிட்டு வரட்டுமா?"ன்னு என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டான். நடுவில் மூன்று வாரம் மாத்திரை இல்லாமல் இருந்தான். அந்த மூன்று வாரத்தைப் பற்றி இங்கே எழுத அவனிடம் நான் அனுமதி கேட்கவில்லை.

இப்போது மாசத்துக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கீழ்ப்பாக்கம் போய் வரிசையில் நிற்கிறான். மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. கார்டு பர்ஸில் இருக்கிறது.