தேரிமணலில் பூட்டிய அச்சு

பாண்டியரின் பெருந்துறையாய், யவனர் அறிந்த முத்துச் சந்தையாய், இளவரசர் வீற்றிருந்த நகரமாய் ஒரு காலத்தில் விளங்கிய கொற்கை, இன்று கடலுக்கு ஆறேழு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூராய்க் கிடப்பதற்குக் காரணம் பகையரசரின் படையெடுப்பும் அன்று, வணிகரின் வஞ்சகமும் அன்று. தாமிரபரணி ஆண்டுதோறும் கொணர்ந்து சேர்த்த வண்டலும் மணலுமே அத்துறையைத் தூர்த்துவிட்டன. துறை தூர்ந்தபின் வாணிபம் காயலுக்குப் பெயர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்தது அந்தக் காயலையே. அதுவும் தூர்ந்தபின் தூத்துக்குடி தலையெடுத்தது. கப்பலை இவ்வாறு ஊர் ஊராய் விரட்டிய மணல், கரையில் ஓடிய சக்கரத்தை என்ன பாடு படுத்திற்று என்பதே நான் இங்கு எடுத்துக்கொண்ட விஷயம்.

பாதையற்ற நிலத்தில் ஜீப் ஓட்டிச் செல்வதில் இன்பம் காணும் இளைஞர் பலர் இப்போது, டிஃபரன்ஷியலைப் பூட்டும் யந்திரத்துக்குப் பெரும்பொருள் செலவிடுவது தகுமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். இவர்கள் கேட்கும் யந்திரம் புதியது. ஆனால் இடர் மிகுந்த நிலத்தில் சக்கரம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்னும் கவலையோ இந்நாட்டில் மிகப் பழையது. கரையொதுங்கிய முத்துக்கள் தேர்க்குதிரையின் குளம்பை வடுப்படுத்தி அதன் நடையைக் கெடுக்கும் துறை என்று அகநானூற்றுப் புலவர் ஒருவர் கொற்கையைச் சிறப்பிக்கிறார். அது கவிஞரின் உயர்வு நவிற்சி என்றே கொண்டாலும், துறையருகே தேர் செலுத்துவது எளிதன்று என்ற அனுபவம் அதன் அடியில் இருக்கிறது. உப்பேற்றிய சகடங்களை நிரைநிரையாய் ஓட்டிச் சென்ற உமணரோ, மேடும் பள்ளமும் எவ்வாறிருக்குமோ என்று அஞ்சி, வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டே புறப்பட்டார்கள். அந்தச் சேமவச்சுக்கு அதியமான் மகன் பொகுட்டெழினியை ஒப்பிட்டு ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. அச்சு முறியும் என்பது அவர்களுக்குப் பிரத்தியட்ச அறிவு. அதற்காகப் பாரம் சற்று மிகுந்தாலும் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சகடத்தின் வழிவந்த மாட்டுவண்டியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அதில் இருசு என்னும் அச்சு அசைவதில்லை. குடமும் ஆரக்காலும் வட்டையுமாகச் சேர்ந்த சக்கரங்கள் இரண்டும், கடையாணி தடுத்து நிறுத்த, இருசின் இரு முனைகளிலும் தத்தம் போக்கில் தனித்தனியே சுழல்கின்றன. வண்டி வளைந்து திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் நெடுவழியும் உட்புறச் சக்கரம் குறுவழியும் ஓட வேண்டியிருப்பதால், இவ்வுரிமை அவற்றுக்கு அவசியமே. இழுப்பது மாடு, சக்கரம் உருள்வதொன்றே செய்கிறது. ஆகவே ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டாலும் மாட்டின் இழுவை குன்றுவதில்லை. வண்டியை நிறுத்திவிடுவது வேறொன்று: சக்கரத்தைச் சுற்றிய இரும்புப் பட்டை குறுகலானது, பாரம் முழுவதும் அக்குறுகிய பட்டையின் வழியே மணலில் இறங்க, சக்கரம் கத்திபோல் மணலை அறுத்துக்கொண்டு புதைகிறது.

அவ்வாறு புதைப்பதில் இப்பிரதேசத்துத் தேரிக்கு நிகர் வேறில்லை. திருச்செந்தூர் வட்டாரத்தின் குதிரைமொழித் தேரியும், சாயர்புரத்தை அடுத்த தேரியும், இன்னும் தெற்கே உள்ளவையும் செம்மணல் மேடுகள். மணற்பரலின் மேல் இரும்புத் துரு மெல்லிய தோலாய்ப் படிந்திருப்பதால் வந்தது அச்சிவப்பு. ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே புகுந்து வீசும் தென்மேற்குக் காற்று அந்த மணலை ஓயாமல் அள்ளிக்கொண்டுபோய், நேற்றிருந்த தடத்தை இன்று மூடிவிடும். 1917ஆம் ஆண்டில் எச். ஆர். பேட் தொகுத்த திருநெல்வேலி ஜில்லா கெஸட்டியரிலும் இத்தேரிகள் இடம்பெற்றிருக்கின்றன. அங்கே பனையும் முந்திரியும் உடையும் நிற்கின்றன. மேலப்புதுக்குடியின் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலருகே, வறண்ட செம்மணலின் நடுவில் நல்ல தண்ணீர்ச் சுனையும் இருக்கிறது. பனையை நம்பி வாழ்ந்த தேரிப்புற மக்கள் கருப்புக்கட்டியை விற்க வேண்டுமானால் எவ்வாறேனும் அம்மணலைக் கடந்தே ஆக வேண்டும்.

இந்த இடர்ப்பாட்டுக்கு விடையாக வந்ததுதான் குலசேகரன்பட்டினத்துச் சிறு ரயில். பனங்கருப்புக்கட்டியிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையின் பொருட்டுப் பாரி கம்பெனியார் இரண்டடி அகலத் தண்டவாளம் பதித்துத் திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், உடன்குடி, திசையன்விளை ஆகிய ஊர்களை இணைத்தார்கள். முதல் உலக யுத்த காலத்தில் ஓடத் தொடங்கிய அது 1940இல் நின்றுபோயிற்று. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் பெரிய ரயில் வந்தது 1923இல்தான் என்பதை நினைத்தால், இந்தச் சிறிய வண்டி அந்த ஊர்களுக்கு எத்தகைய உபகாரம் செய்தது என்பது விளங்கும்.

நம் கேள்விக்கு இந்த ரயில் ஓர் அரிய சாட்சி. ரயில் வண்டியில் இரண்டு சக்கரங்களும் அச்சோடு இறுகப் பொருத்தப்பட்டவை. ஒன்று சுழன்றால் மற்றொன்றும் அதே வேகத்தில் சுழன்றே தீரும். அதாவது, அது பிறவியிலேயே பூட்டப்பட்ட அச்சு. வளைவில் திரும்புவதற்கென்று சக்கரத்தின் ஓடுதளத்தைச் சற்றே கூம்பாகச் சரித்து வைத்திருக்கிறார்கள். அந்த உபாயத்தால் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் உட்சக்கரம் சிறிய வட்டத்திலும் உருள்கிறது. ஆனால் இந்த ரயில் தேரிப் பிரதேசத்தில் புதையாமல் ஓடியது அச்சு பூட்டப்பட்டிருந்ததால் அன்று. தண்டவாளத்தின் கீழே கிடந்த கட்டைகள் பாரத்தை அகலப் பரப்பி மணலின் மேல் வைத்தன. மணல் அதைத் தாங்கிக்கொண்டது. மாட்டுவண்டி தோற்றதற்கும் ரயில் வென்றதற்கும் காரணம் ஒன்றே என்பதை மோட்டார் ஓட்டுவோர் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மோட்டார் வண்டி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது. அதில் இழுப்பதும் சக்கரமே, திரும்பும்போது வெவ்வேறு வேகத்தில் உருள வேண்டியதும் சக்கரமே. இந்த முரணைத் தீர்க்க, 1827இல் பிரான்ஸ் தேசத்து ஒனெசிஃபோர் பெக்கெர் என்னும் கடிகாரத் தொழிலாளர் நீராவி வண்டி ஒன்றின் பொருட்டு உரிமை பெற்ற பற்சக்கரத் தொகுதியே டிஃபரன்ஷியல். கிரவுன் வீலோடு சேர்ந்து சுழலும் கூட்டுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்கள், யந்திரத்தின் முறுக்கு விசையை இரு சக்கரங்களுக்கும் சமமாகவே பகிர்ந்தளிக்கின்றன. அந்தச் சமத்துவத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டாலோ சேற்றில் வழுக்கினாலோ, அதைச் சுழற்ற வேண்டிய விசை மிகச் சொற்பம். மறுபுறம் கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அச்சொற்பமே கிடைக்கும். பிடிப்பற்ற சக்கரம் வெறிகொண்டு சுழல, பிடிப்புள்ள சக்கரம் செயலற்று நிற்க, வண்டி ஓரடியும் நகராது. இரண்டாம் உலக யுத்தத்தில் பெயர் பெற்று, 1947 முதல் பம்பாயில் மகீந்திரா கம்பெனியார் பொருத்தத் தொடங்கி, நம் கிராமங்களுக்கெல்லாம் சர்க்கார் அதிகாரிகளை ஏற்றி வந்த வில்லீஸ் ஜீப்பிலும் இருந்தது இந்தத் திறந்த டிஃபரன்ஷியலே. நான்கு சக்கரத்துக்கும் விசை செல்லும் என்று பெயர். முன்னே ஒன்றும் பின்னே ஒன்றும் தூக்கிக்கொண்டால் அந்நான்கும் வீண்.

பூட்டு இக்குறையை நீக்குகிறது. பற்களைக் கோத்து இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலச் செய்துவிட்டால், பிடிப்புள்ள சக்கரம் தன்னால் இயன்ற அளவுக்கு வண்டியை இழுக்கும். இதை நம் உழவர், ஜீப்காரர் பேசத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே அறிந்தவர்கள். டிராக்டரில் ஓட்டுபவரின் வலக்குதிகால் எட்டும் இடத்தில் இருக்கும் சிறு பெடலே அந்தப் பூட்டு. விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல், ஐப்பசி மழையில் நனைந்தபின் ஒரு சக்கரம் சாலில் வழுக்கத் தொடங்கியதும், வேகத்தைத் தணித்து, குதிகாலால் அப்பெடலை அழுத்தி, நேராக ஓட்டிக் கரையேறுவார்கள். திரும்புமுன் காலை எடுத்துவிடுவார்கள். எடுக்க மறந்து திருப்பினால் வண்டி திரும்ப மறுக்கும், அச்சும் பற்களும் முறியவும் கூடும்.

எனவே பூட்டுக்குப் பிரயோஜனம் உண்டு என்பதில் சந்தேகமில்லை. எந்த நிலத்தில் என்பதே கேள்வி. ஓடையைக் குறுக்கே கடக்கும்போதும், வரப்பில் ஏறி இறங்கும்போதும், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் சேறுமாக இருக்கும்போதும் அதற்கு இணையான உதவி வேறில்லை. சமமான தேரிமணலிலோ இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரேவிதமாகப் புதைகின்றன; அங்கே பூட்டினால் முன்பு ஒன்று தோண்டிய குழியை இப்போது இரண்டும் சேர்ந்து தோண்டும். சிக்கிய வண்டியை அருகிருந்து பார்த்தவர் இதை அறிவர்: ஓட்டுபவர் அழுத்த அழுத்த டயரின் பின்னே செம்மணல் விசிறியாய்ப் பறக்கிறது, சில விநாடிகளில் வண்டியின் வயிறே மணலில் அமர்ந்துவிடுகிறது. அப்போது செய்யத்தக்கது டயரின் காற்றைக் குறைப்பது. 30 பவுண்டு காற்றுள்ள டயரை 15 அல்லது 18க்கு இறக்கினால் அது தளர்ந்து நீண்டு மணலின் மேல் படுக்கிறது. ரயில் கட்டைகள் செய்த காரியத்தை அது செய்கிறது. சக்கரத்தின் முன்னிருக்கும் மணலை வாரிவிட்டுப் பனைமட்டையை இட்டால் இன்னும் நல்லது. மேட்டின் உச்சியில் வண்டி சாய்ந்து ஒரு சக்கரத்தின் பாரம் குறையும்போது மட்டுமே மணலில் பூட்டுக்கு வேலை வருகிறது.

2015இல் மகீந்திரா தார் வண்டியின் பின்னச்சில் தானே பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் வந்துவிட்டது. இரு சக்கரங்களின் வேகமும் மிகவும் வேறுபட்டால் அது பூட்டிக்கொள்ளும், வண்டி விரைந்தால் விட்டுவிடும். அப்படிப்பட்ட வண்டியை வாங்குபவருக்கு வாதமே இல்லை. பழைய ஜீப்பில் தனியே பொருத்த எண்ணுபவர்தாம் யோசிக்க வேண்டும். கார்த்திகை முடிவில் கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்காகத் தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் கோயிலுக்குப் போய், செம்மணலில் வண்டியை நிறுத்திவிட்டு வருபவருக்கு நல்ல டயர் நான்கும், காற்று பார்க்கும் கருவியும், திரும்பத் தார்ச்சாலை ஏறுமுன் காற்றடிக்க ஒரு பம்பும் போதும். மழைக்காலக் கரிசலிலும் ஓடைகளிலும் தொழில் நிமித்தமாகத் துணைவண்டியின்றித் தனியே செல்பவர் பூட்டுக்குத் தாராளமாகச் செலவிடலாம். அதிலும் முதலில் பின்னச்சுக்கு. முன்னச்சைப் பூட்டினால் ஸ்டியரிங் கனத்து வண்டி திரும்பாது. பக்கச் சரிவில் பின்னச்சைப் பூட்டி ஓட்டினாலும் இரு சக்கரமும் ஒருங்கே வழுக்கி வாற்புறம் கீழிறங்கும். அங்கே பூட்டை விட்டுவிட்டு மெல்லக் கடப்பதே உசிதம்.